பாதி இறங்கிய திரை

ஆர்ச்சிபால்ட் இம்ரி ஏதென்ஸ் நகரைப் பார்த்ததில்லை. ரோமையும் பார்த்ததில்லை. எடின்பரோவை விட்டு அவர் சென்ற மிகத் தொலைவான ஊர் டர்ஹம். அதுவும் ஒரு கல்சுரங்க வழக்கில் சாட்சி சொல்வதற்காக. ஆயினும் ஏதென்ஸின் கோயில் தூண் ஒவ்வொன்றும் அடியில் எத்தனை அங்குலம், முடியில் எத்தனை அங்குலம் என்பதை அவர் தம் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அச்சுப்படங்களிலிருந்து அளந்து, பெருக்கி எழுதிய கணக்கு அது.

நான் அவருடைய தம்பியின் பேரன். குடும்பத்துக் காகிதங்கள் இருபது ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கின்றன. அவரைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் மூன்று ஆதாரங்கள் உண்டு: அவருடைய வரைபடச் சுருள்கள், அவர் அனுப்பிய கடிதங்களின் படிகள் அடங்கிய புத்தகம், அவர் மனைவியின் அக்காவும் அவர்கள் வீட்டிலேயே வசித்தவருமான கிரிசெல் டெய்ட் எழுதிய நாட்குறிப்பு. கிரிசெல் தாம் கேட்டதையும் பிறர் வந்து சொன்னதையும் பேசியபடியே எழுதும் பழக்கம் உள்ளவர். கீழே வரும் பேச்சுகளெல்லாம் அந்த நாட்குறிப்பிலிருந்து எடுத்தவை.

இம்ரி 1784இல் டன்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை மரத்தச்சர், கலப்பையும் சவப்பெட்டியும் செய்தவர். பதினேழு வயதில் இம்ரி எடின்பரோவுக்கு வந்து ஒரு கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார். நகரம் வடக்கு நோக்கிப் பரவிக்கொண்டிருந்த காலம் அது. வங்கி கட்டுபவருக்கும் கிரேக்கத் தூண் வேண்டும். பள்ளி கட்டுபவருக்கும் வேண்டும். மீன் சந்தைக்குக்கூட வேண்டும் என்றார்கள். வேலைக்குக் குறைவில்லை. 1814இல் டல்கீத் ஊர் ரொட்டிக்கடைக்காரரின் இளைய மகள் யூஃபீமியா டெய்ட்டை மணந்தார். வீட்டில் அவரை எஃபி என்பார்கள். குழந்தைகள் இல்லை.

அவர் பெயர் நிலைத்தது லோகன் வரிசையால். லோகன் நிலத்தின் அறங்காவலர்களுக்காக 1819இல் வரைந்து நான்காண்டுகளில் கட்டி முடித்த பன்னிரண்டு வீடுகள் அவை. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் பன்னிரண்டு வீடுகள் தெரியாது. ஒரே அரண்மனைதான் தெரியும். நடுவில் முக்கோண நெற்றி, இரு முனைகளிலும் சற்றே முன்தள்ளிய முனைவீடுகள். மேற்கு முனையில் எது உண்டோ அது கிழக்கு முனையிலும் உண்டு. வீடு வாங்குபவர் எவரும் முகப்பில் ஒரு கல்லையும் மாற்றக்கூடாது என்றும், ஒரு முனைவீட்டின் முகப்பில் செய்யப்படுவது எதுவாயினும் மறுமுனையிலும் செய்யப்பட வேண்டும் என்றும் மனைப்பத்திரத்தில் ஒரு விதி எழுதப்பட்டது. வாசகம் இம்ரியுடையது. மேற்கு முனைவீட்டில் அவரே குடியேறினார்.

கிழக்கு முனைவீட்டின் மேல்மாடியில், கடைசி ஜன்னல் வரவேண்டிய இடத்துக்குப் பின்னால் புகைபோக்கி ஏறியது. அங்கே ஜன்னல் வைக்க வழியில்லை. ஆகவே கல்லில் ஜன்னலளவு குழித்து, கறுப்பு வண்ணம் பூசி, வெள்ளைக் கோடுகளால் சட்டம் வரைந்து, பாதி இறங்கிய திரை ஒன்றையும் தீட்டிப் பொய்ச்சன்னல் அமைத்தார்கள். இது எங்கள் ஊரில் வழக்கமானதுதான். ஆனால் அந்தி வெயிலில் கண்ணாடி மின்னும், வண்ணம் மின்னாது. கிழக்கு முனை மின்னாமல் மேற்கு முனை மட்டும் மின்னுவதை இம்ரியால் ஏற்க முடியவில்லை. எனவே மேற்கு முனையிலும், அதாவது தம் சொந்த வீட்டிலும், அதே இடத்தில் பொய்ச்சன்னலே வைத்தார். அங்கே புகைபோக்கி இல்லை. அதற்குப் பின்னால் ஒரு சிறிய அறை இருந்தது.

குடிவந்த அன்று எஃபி தெருவில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார்.

“ஆர்ச்சி, அந்தத் திரை எதுக்குப் பாதியில நிக்குது? யாரோ இழுத்துக்கிட்டே தூங்கிட்ட மாதிரி இருக்கு.”

“மரியாதையான வீட்டுல பகல்ல அவ்வளவுதான் இறக்குவாங்க.”

“அப்ப நம்ம வீட்டுலயே மரியாதை தெரிஞ்சது அந்த ஜன்னலுக்கு மட்டுந்தான்.”

கிழக்கு முனைவீட்டை, கப்பல் கேப்டன் ஒருவரின் விதவையான மிஸஸ் ரட்ரே வாங்கியிருந்தார். 1824 வசந்தத்தில் அவர் தம் ஜன்னல் மேடையில் சிவப்பு ஜெரேனியம் பூத்த மூன்று தொட்டிகளை வைத்தார். இரண்டே நாளில் இம்ரியின் கடிதம் போனது. ‘முகப்பின் ஒற்றுமைக்குப் பெருங்கேடு’ என்றும் ‘ஒரு கண் மட்டும் சிவந்த முகம்’ என்றும் அதில் எழுதியிருக்கிறார். மிஸஸ் ரட்ரே கடிதத்தைக் கையில் பிடித்தபடி வரிசையின் மறுமுனையிலிருந்து நடந்து வந்தார்.

“மிஸ்டர் இம்ரி, மூணே மூணு தொட்டி. இதுல அரசாங்கமா கவுந்துடப் போகுது?”

“ஜன்னல் மேடை அலமாரி இல்லீங்க, மிஸஸ் ரட்ரே. பன்னிரண்டு வீட்டுல ஒண்ணுல சிவப்பு தெரிஞ்சா எல்லார் கண்ணும் அங்கதான் போகும்.”

“போகட்டுமே! கேப்டன் போய் மூணு வருஷமாச்சு. என் வீட்டுப் பக்கம் இன்னும் ஒருத்தன் கண்ணும் திரும்பல.”

இம்ரி சிரிக்கவில்லை. எஃபி மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தார் என்று கிரிசெல் எழுதுகிறார். தொட்டிகள் உள்ளே போயின.

1826 அக்டோபரில் எஃபிக்கு இருமல் தொடங்கியது. நவம்பரில் இரத்தம் வந்தது. குளிர்காற்று படாத, சூடு குறையாத அறையில் படுக்கை போடும்படி மருத்துவர் சொன்னார். மேல்மாடியின் முன்னறை இம்ரியின் வரைகூடம். இரண்டு ஜன்னல்கள், நீண்ட மேசை, நான்கு உதவியாளர்கள்; கவுண்டி மன்றம் என்ற அரசுக் கட்டடத்தை அப்போது அங்கே வரைந்துகொண்டிருந்தார்கள். அதன் கணப்பு, பொய்ச்சன்னலுக்குப் பின்னாலிருந்த சிறிய அறையின் சுவரோடு ஒட்டியிருந்ததால் வீட்டிலேயே சூடான இடம் அந்தச் சிறிய அறைதான். எஃபியே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கதவைத் திறந்து வைத்தால் கணவரின் பேனா கீறும் ஓசை கேட்கும் என்றார். வெளிச்சம் என்று அங்கே இருந்தது மெழுகுவர்த்தியும், கதவு வழியே வருவதும்தான்.

ஜனவரி பதினாறாம் தேதி அவர் கேட்டார்.

“ஆர்ச்சி, என் கட்டிலுக்கு நேரா ஒரு ஜன்னல் இருக்கு, தெரியுமா?”

“அது ஜன்னல் இல்ல, எஃபி.”

“தெருவுல போறவங்களைக் கேளு. ஜன்னல்னுதான் சொல்வாங்க. நான் ஒருத்திதான் அதுக்குத் தப்பான பக்கத்துல படுத்திருக்கேன்.”

“கட்டிலை முன்னறைக்கு மாத்திடலாம்.”

“மாத்திட்டு? கவுண்டி மன்றத்தை அடுப்பங்கரையிலயா வரையப் போறே? நாலு பையன்களும் நான் இருமறதை எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. உன் வெளிச்சம் எனக்கு வேணாம். இங்க ஒண்ணு போட்டுக் குடு. அந்தச் சுவரு அங்க ஒத்தைக் கல்லு கனந்தான்னு நீதானே சொன்னே?”

“ஒத்தைக் கல்லுதான்.”

“வசந்தம் வரைக்கும் இருப்பேன்னு டாக்டர் சொல்றாரு. அதுக்குள்ள தெருவை ஒரு தடவை பாக்கணும். அவ்வளவுதான்.”

இம்ரி மறுக்கவில்லை. இதை நான் அழுத்தமாகக் குறிக்கிறேன். அவர் மறுத்தார் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு, அது தவறு. மறுநாளே அறங்காவலர்களுக்கு எழுதினார். ஒப்புதல் பத்து நாளில் வந்தது, மற்ற வீட்டுக்காரர்கள் பதினொருவரும் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரு வாரத்தில் பத்துக் கையெழுத்துகள் சேர்ந்தன. மிஸஸ் ரட்ரே வீட்டுக்கு அவர் கடைசியாகப் போனார். கிரிசெலும் உடன் சென்றார்.

மிஸஸ் ரட்ரே காகிதத்தை இருமுறை படித்தார்.

“‘முகப்பின் ஒற்றுமைக்குச் சிறிது ஊறு’ன்னு போட்டிருக்கு. என் ஜெரேனியத்துக்குப் ‘பெருங்கேடு’ன்னு போட்டீங்களே?”

“ஆமாங்க.”

“என் பக்கத்து ஜன்னல் குருடாத்தான் இருக்கும். உங்களது மட்டும் திறந்தா ஒத்தைக்கண்ணு முகமாயிடாதா?”

“ஆகும்.”

“இப்ப ரெண்டு கண்ணும் குருடு. அது தேவலையா?”

“சமமா இருக்கு,” என்றார் இம்ரி.

மிஸஸ் ரட்ரே பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார். “போங்க. போய் அந்தப் பொண்ணுக்கு வெளிச்சம் காட்டுங்க. நான் எதிர்ப்பக்கம் நின்னு முறைக்க மாட்டேன்.”

பிப்ரவரி ஆறாம் தேதி வாட்டி ஹாக் வந்தார். லோகன் வரிசையின் கல்வேலை முழுவதையும் செய்த கொத்தனார் அவர். அந்தப் பொய்ச்சன்னலைக் குழித்ததும் அவரே. கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், வெட்ட வேண்டிய இடத்தைக் கரியால் நான்கு கோடுகள் போட்டுக் குறித்தார்.

“ரெண்டு நாள் வேலை, மிஸ்டர் இம்ரி. முதல் நாள் உள்பூச்சு, ரெண்டாம் நாள் கல்லு. ஜன்னல் சட்டம் தயாராக் கிடக்கு. அம்மாவை ரெண்டு நாள் கீழ படுக்க வெச்சாப் போதும். நாளைக்கே வரட்டுமா?”

“சொல்லி அனுப்பறேன், வாட்டி.”

கட்டிலிலிருந்து எஃபி சொன்னார்: “வாட்டி, அந்த மேல்கோடு கோணல்.”

“கோணல் இல்லீங்கம்மா. நீங்கதான் சாஞ்சு படுத்திருக்கீங்க.”

“கல்யாணமான நாள்லேருந்து எல்லாக் கொத்தனாரும் இதையேதான் சொல்றாங்க.”

இனி, தடை என்று எதுவும் இல்லை. அறங்காவலர் ஒப்புதல் இருந்தது, பதினொரு கையெழுத்துகள் இருந்தன, கொத்தனாரும் ஜன்னல் சட்டமும் தயார். இம்ரி மேசைக்குத் திரும்பினார். திறந்தபின் முகப்பு எப்படித் தோன்றும் என்பதை முதலில் வரைந்து பார்க்க வேண்டும் என்றார். எதைக் கட்டினாலும் அவர் அப்படித்தான் செய்வார். பன்னிரண்டு வீடுகளின் முழு முகப்பையும் வரைந்து, மையைக் கரைத்து மென்மையாகப் பூசி, இடப்புறமிருந்து விழும் நிழலை இட்டு, பிறகு எழுந்து நின்று பார்ப்பார். ஒரு தாளுக்கு இரண்டு நாள் ஆகும்.

அந்தத் தாள்கள் சுருளில் இருக்கின்றன. மொத்தம் பதினான்கு. முதல் தாளில் பிப்ரவரி ஏழாம் தேதி இருக்கிறது. அவற்றை நான் தரையில் விரித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு வேறுபாடும் இல்லை. இருக்கவும் முடியாது. அவர் தொழிலில், முகப்பு வரைபடத்தில் ஜன்னல் என்றால் கறுப்புப் பூச்சு. கண்ணாடி ஜன்னலுக்கும் அதே கறுப்பு, பொய்ச்சன்னலுக்கும் அதே கறுப்பு. திறந்த முகப்பையும் திறவாத முகப்பையும் தாள் ஒன்றாகவே காட்டும். பதினேழு வயது முதல் அப்படியே வரைந்தவர், பதினான்கு முறை வரைந்து, ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, அதில் தெரியாத ஒன்றைத் தேடியிருக்கிறார். அவருடன் இருந்த உதவியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். யாரும் சொல்லவில்லை.

வாட்டி இருமுறை வாசல்வரை வந்து கேட்டுப் போனார். இருமுறையும் “சொல்லி அனுப்பறேன்” என்பதே பதில். கிரிசெல் பொறுக்காமல் ஒருநாள் வரைகூடத்துக்குள் நுழைந்துவிட்டார்.

“என்ன வரையறீங்க, மிஸ்டர் இம்ரி?”

“முகப்பு.”

“அதைக் கட்டி முடிச்சாச்சே. தெருவுல இறங்கிப் பாருங்க, அங்கேயே இருக்கும்.”

“திறந்தா எப்படித் தெரியும்னு பாக்கணும்.”

“திறந்தா, திறந்த மாதிரி தெரியும்.”

அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எஃபி கரிக்கோட்டைப் பார்த்தபடி படுத்திருந்தார். அழித்துவிடட்டுமா என்று கிரிசெல் கேட்டதற்கு, இருக்கட்டும் என்றார். நாட்குறிப்பில் பிப்ரவரி பத்தொன்பதாம் தேதிக்கு எதிரே இவ்வளவுதான் இருக்கிறது: ‘கோட்டுக்குள் மழை பெய்கிறது என்றாள். முன்னறைக்குப் போய்ப் பார்த்தேன். பெய்யவில்லை. பெய்கிறது என்று சொன்னேன்.’

மார்ச் ஏழாம் தேதி இம்ரி மாலையில் கட்டிலருகே வந்து அமர்ந்தார். கஞ்சி கொண்டுவந்த கிரிசெல் கதவருகே நின்றிருக்கிறார்.

“எத்தனாவது தாள்?” என்று எஃபி கேட்டார்.

“பதினாலு.”

“எப்படி இருக்கு?”

“தெரியல.”

“இனிமே வாட்டியை வரச் சொல்லாதே, ஆர்ச்சி. தூசி எனக்கு ஒத்துக்காது.”

“சரி,” என்றார் இம்ரி.

அவர் நிம்மதியாகச் சொன்னாரா, வேறு விதமாகச் சொன்னாரா என்பதைக் கிரிசெல் எழுதவில்லை. கஞ்சி ஆறிவிட்டது என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

மார்ச் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை முற்பகலில் எஃபி இறந்தார். வயது முப்பத்தொன்பது. துக்க வழக்கப்படி கிரிசெல் கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடிகளைத் துணியால் மூடி, முகப்பு ஜன்னல்களின் திரைகளை மேடைவரை இறக்கினார். அதைக் கண்டு அடுத்த வீட்டில் இறக்கினார்கள், அதற்கடுத்த வீட்டிலும். நண்பகலுக்குள் பன்னிரண்டு வீடுகளும் திரையிறக்கிவிட்டன. லோகன் வரிசை முழுவதும் ஒன்றுபோல் ஒன்றைச் செய்தது அதுவரை அந்த ஒரு முறைதான். அது எந்தப் பத்திரத்திலும் எழுதப்பட்டதல்ல.

அடக்கம் செவ்வாய்க்கிழமை. பெண்கள் வீட்டில் இருக்க, ஆண்கள் பின்சென்றார்கள். இம்ரி சவப்பெட்டியின் தலைமாட்டுக் கயிற்றைப் பிடித்துக் குழிக்குள் இறக்கினார். திரும்பும்போது தெருவின் எதிர்ப்பக்கமாகவே நடந்து வந்தார்கள். ஏழாம் எண் வீட்டுத் துணி வியாபாரி மேலே பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“மாடியில ஒரு திரையை இறக்க மறந்துட்டாங்க போல.”

“மறக்கல,” என்றார் வாட்டி. “அது இறங்காது.”

இம்ரி நின்றுவிட்டார். உடன் வந்தவர்களும் நின்றார்கள். வீடு முழுவதும் கண்மூடியிருக்க, அவர் மனைவி கிடந்த அறையின் ஜன்னல் மட்டும் பாதி திறந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றார் என்பதில் சாட்சிகள் வேறுபடுகிறார்கள். பிறகு நடந்து, உள்ளே போய், வந்தவர்களுக்குத் தம் கையால் விஸ்கியும் ஓட்ஸ் ரொட்டியும் கொடுத்தார்.

மறுநாள் காலை பெயின்டர் சிம் பர்டியை வரவழைத்தார். ஏணி சாத்தப்பட்டது.

“எதுவரைக்கும் இறக்கணும், மிஸ்டர் இம்ரி?”

“முழுசா.”

“துக்கம் முடிஞ்சதும் மறுபடி ஏத்தி வரையணுமா?”

“வேணாம்.”

“அப்ப அந்தக் கோடியில இருக்கிற ஜோடி? பத்திரத்துல ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு இருக்கே.”

இம்ரி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். எட்டு ஆண்டுகளாக அந்த விதியை எல்லோருக்கும் எழுத்தால் நினைவூட்டி வந்தவர், அன்று கிழக்கு முனைக்கு ஒரு வரியும் எழுதவில்லை. கடிதப் புத்தகத்தில் அந்த மாதத்தில் எதுவுமே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சிம் பர்டியின் ஏணி மிஸஸ் ரட்ரே வீட்டின்மேல் சாய்ந்திருந்தது. கிரிசெல் போய் விசாரித்தார்.

“அந்தம்மாதான் ஆளனுப்பினாங்க,” என்றார் சிம் ஏணியிலிருந்து. “‘அவரு கேக்கலையே’ன்னேன். ‘பத்திரம் கேக்குது, நீ பூசு’ன்னாங்க.”

மாலைக்குள் இரு முனைகளிலும் திரை முழுவதும் இறங்கியிருந்தது. மிஸஸ் ரட்ரே அதைப் பற்றி இம்ரியிடம் பேசவில்லை. இம்ரியும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

அதன்பின் அவர் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். கவுண்டி மன்றத்தைக் கட்டினார். இரண்டு தேவாலயங்கள், ஒரு வங்கி, ஒரு தானியச் சந்தை. தூண்களின் அளவில் குறை சொல்ல இடமில்லை. காலை எட்டு மணிக்கு மேசைக்கு வருவார், ஒரு மணிக்கு உணவு, ஆறு மணிக்குத் தூரிகை கழுவுவார். சிறிய அறையின் கட்டிலை எடுத்துவிட்டு அங்கே சுருள்களை அடுக்கினார். கரிக்கோட்டின்மேல் வெள்ளையடிக்க விடவில்லை. அதைப் பார்த்ததாகவும் யாரும் சொல்லவில்லை. பொய்ச்சன்னல் வரைவதையும் அவர் நிறுத்திவிடவில்லை. வங்கியில் இரண்டு, சந்தையில் நான்கு. பெயின்டருக்கான குறிப்பில் மட்டும் ‘திரை மேடைவரை இறக்கித் தீட்டப்பட வேண்டும்’ என்று எழுதியிருக்கிறார்.

1828 மே மாதம் மிஸஸ் ரட்ரே ஜன்னல் மேடையில் மூன்று ஜெரேனியம் தொட்டிகளை மறுபடி வைத்தார். இம்ரி தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

“எழுதப் போறீங்களா?” என்று கிரிசெல் கேட்டார்.

“என்னத்தை?” என்றார் அவர்.

கேலி இல்லை, கோபமும் இல்லை என்று கிரிசெல் குறித்திருக்கிறார். உண்மையிலேயே விளங்காமல் கேட்டாராம்.

இம்ரி 1846 நவம்பரில் இறந்தார். வீடு என் தந்தைக்கு வந்தது, இப்போது என்னிடம் இருக்கிறது. ஏழாண்டுக்கு ஒருமுறை, பத்திர விதிப்படி இரண்டு திரைகளும் ஒரே வாரத்தில் புதிதாகத் தீட்டப்படுகின்றன. சென்ற மே மாதம் தீட்டினோம். அறங்காவலர் ஒப்புதலையும் பதினொரு கையெழுத்துகளையும் மற்றக் காகிதங்களோடு உறையிலிட்டு வைத்திருக்கிறேன். அண்மையில் அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டினேன். அது இன்றும் செல்லும் என்றார். ஜன்னலை எத்தனை நாளைக்குள் திறக்க வேண்டும் என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை.